பின்சக்கரத்துக்குப் பொருந்தும் கேசட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை, வரிசையாக

கோத்தகிரி ஏற்றத்தில் ஒருமுறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் மறுநாளே போனில் "11-34 கேசட்" என்று தேடி, விலை குறைந்ததை ஆர்டர் போட்டுவிடுவார். கேசட் என்பது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பல்சக்கர அடுக்கு; 11-34 என்றால் அதில் சின்னதற்கு 11 பல், பெரியதற்கு 34. நாலு நாளில் பெட்டி வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் வரும்: "அண்ணா, இது உள்ளயே போகமாட்டேங்குது."

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் கியர் சைக்கிளுக்கு ஒரு கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினால், அதில் கேசட் மாட்டும் ஹப்பே (சக்கரத்தின் நடுப்பகுதி) இல்லை. மரையில் முடுக்கிய ஃப்ரீவீல் இருந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேசட் இன்னும் என் டூல் பெட்டியில் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி கிடக்கிறது.

எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை பல் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் ஹப், ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் லீவர்), பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) மூன்றையும் பார்த்தாக வேண்டும். ஹப் சேராவிட்டால் கேசட் உள்ளேயே போகாது. ஷிஃப்டர் சேராவிட்டால் கியர் ஒழுங்காக விழாது. டீரெய்லர் சேராவிட்டால் செயின் இறுகி, டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கரை வளைத்துவிடும். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒவ்வொரு படியிலும் சில கேசட்டுகள் கழிந்துபோகும்; பல் எண்ணிக்கைக்கு வரும்போது இரண்டோ மூன்றோதான் மிச்சம் நிற்கும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பார்ப்பதற்குப் பெரிய டூல் எதுவும் வேண்டாம். பழைய பனியன் துணி, கொஞ்சம் டீசல் அல்லது மண்ணெண்ணெய், டார்ச், மார்க்கர் பேனா, அங்குலக் குறி போட்ட ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், ஒரு நோட்டு. இவை போதும்.

துடைத்த பிறகே எதையும் பாருங்கள். பல்சக்கரங்களிலும் டீரெய்லரிலும் எண்கள் பொறித்திருப்பார்கள். கறுத்த கிரீஸுக்கு அடியில் அவை கண்ணுக்குத் தெரியாது.

பல் எண்ணும்போது ஒரு பல்லின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். புள்ளி இல்லாமல் எண்ணினால் 28 என்பது 27 ஆகும், 29 ஆகும். பின்னால் எத்தனை பல்சக்கரம், அதில் சின்னதிலும் பெரியதிலும் எத்தனை பல், முன்னால் செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) ஒவ்வொன்றிலும் எத்தனை பல் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 5-ஆம் படியில் இந்த எண்கள் எல்லாம் வேண்டும்.

கழற்றும் டூல்களை இப்போதே வாங்காதீர்கள். ஃப்ரீவீலுக்கு ஒரு டூல், கேசட்டுக்கு வேறு டூல். உங்களிடம் இருப்பது எது என்பது அடுத்த படியில்தான் தெரியும்.

2. ஃப்ரீவீலா, கேசட்டா?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே அமைப்பு வேறு. ஃப்ரீவீலில் பல்சக்கரங்களும் 'டிக் டிக்' என்று சத்தம் போடும் ராட்செட்டும் ஒரே கட்டியாக இருக்கும். அந்தக் கட்டியை ஹப்பின் மரையில் முடுக்கியிருப்பார்கள். கேசட்டில் ராட்செட் ஹப்பின் பகுதி. பல்சக்கரங்கள் மட்டும் அதன் வரிகளில் (நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில்) சொருகி நிற்கும், மேலே ஒரு லாக்ரிங் பிடித்திருக்கும்.

பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். நடுவில், அச்சைச் சுற்றி, டூல் உட்காருவதற்கான வெட்டுகள் உள்ள ஒரு வளையம் தெரியும். அதன் மேல் கண் வைத்துக்கொண்டு பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். வெட்டுள்ள வளையமும் சேர்ந்து சுற்றினால் அது லாக்ரிங், உங்களிடம் இருப்பது கேசட். பல்சக்கரங்கள் சுற்ற, வளையம் அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல்.

ஷிமானோ பொருள் என்றால் எழுத்தும் காட்டிக்கொடுக்கும்: 'எம்எஃப்' என்று தொடங்கினால் ஃப்ரீவீல், 'சிஎஸ்' என்று தொடங்கினால் கேசட். 7 ஸ்பீடு (பின்னால் 7 பல்சக்கரம்) என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 7 ஸ்பீடில் இரண்டும் உண்டு. நம் ஊரில் விலை குறைந்த கியர் சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் ஃப்ரீவீல்தான்.

ஃப்ரீவீல் என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கு இரண்டு வழி. முதலாவது, வேறொரு ஃப்ரீவீல். 14-28 இருக்கும் இடத்தில் 14-34 போடலாம், செலவு குறைவு. ஆனால் பற்களைப் பாருங்கள்: 14, 16, 18, 20, 22, 24 என்று ஒழுங்காக ஏறிவந்து சட்டென்று 34-க்குத் தாவும். 24-லிருந்து 34-க்கு விழுந்ததும் கால் காற்றில் மிதிப்பது போல இருக்கும். ஏற்றத்துக்கு ஒரே ஒரு அவசரக் கியர் போதும் என்றால் அதுவே சரி.

இரண்டாவது, கேசட் ஹப் உள்ள புதுச் சக்கரம். அதற்கு முன் ஃபிரேமின் பின்பக்க இடைவெளியை அளக்க வேண்டும். ரிம் பிரேக் ரோட் பைக்கில் 130 மி.மீ., ஹைப்ரிட், எம்டிபி வகைகளில் சாதாரண அச்சுக்கு 135, த்ரூ ஆக்சிலுக்கு (ஃபிரேமுக்குள் சொருகி முடுக்கும் தடித்த அச்சு) 142 என்பவை பரவலான அளவுகள். தப்பான அகலத்தில் சக்கரம் வாங்கினால் கேசட் கதைதான் பெரிய செலவில் திரும்ப நடக்கும்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழியைக் கடையில் சொல்வார்கள், 8 அல்லது 9 ஸ்பீடு ஃப்ரீவீல் என்று. வேண்டாம். ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும்; அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சுக்குத் தாங்கல் கிடையாது. பல்சக்கரம் கூடக்கூட அந்த நீளமும் கூடும். குழியில் நாலு தடவை விழுந்தால் அச்சு வளையும், சில சமயம் முறியும்.

3. கேசட் என்றால், ஃப்ரீஹப் எந்த வகை?

கேசட் சொருகும் உருளைக்குத்தான் ஃப்ரீஹப் என்று பெயர். அதன் வரிகளும் நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் மாறும்.

நம் சாலைகளில் அதிகம் இருப்பது ஷிமானோ எச்ஜி வகை. அகலமான வரிகள், அதில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்ட அகலம். ஷிமானோ மட்டுமல்ல, ஸ்ராம், சன்ரேஸ், மைக்ரோஷிஃப்ட் கேசட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஹப்பில் உட்காரும்.

இதிலேயே மூன்று நீளம் உண்டு. பழைய 7 ஸ்பீடு ஃப்ரீஹப் குட்டை. 8, 9, 10 மூன்றுக்கும் ஒரே நீளம். 11 ஸ்பீடு ரோட் ஃப்ரீஹப் அதைவிட 1.85 மி.மீ. அதிகம். நீளமான ஹப்பில் குட்டையான கேசட்டைப் போடலாம், பின்னால் ஸ்பேசர் வளையம் வைத்தால் போதும். குட்டையான ஹப்பில் நீளமான கேசட் போகாது. 11 ரோட் ஹப்பில் 8, 9 அல்லது 10 போட 1.85 மி.மீ. ஸ்பேசர், 8/9/10 ஹப்பில் 7 போட 4.5 மி.மீ. ஸ்பேசர். சில 10 ஸ்பீடு ரோட் கேசட்டுகளுக்கு இன்னொரு 1 மி.மீ. வளையமும் வேண்டும், அது கேசட் பெட்டியிலேயே வரும்.

11 ஸ்பீடில் ஒரு வசதி இருக்கிறது. ஷிமானோவின் 11 ஸ்பீடு எம்டிபி கேசட்டுகள் 8/9/10 நீளத்துக்கே செய்யப்பட்டவை, காரணம் பெரிய பல்சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்து நிற்க அங்கே இடம் இருக்கிறது. 11-34 ரோட் கேசட்டான எச்ஜி 800-11-ம் அப்படித்தான். அதனால் பழைய 10 ஸ்பீடு சக்கரத்தை வைத்துக்கொண்டு 11-க்குப் போக நினைப்பவர்கள் சக்கரம் மாற்றும் முன் இந்தக் கேசட்டுகளைப் பாருங்கள்.

10 பல்லில் தொடங்கும் கேசட் எச்ஜி ஹப்பில் உட்காராது. அதற்கு ஷிமானோவில் மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமில் எக்ஸ்டி அல்லது எக்ஸ்டிஆர் ஹப் வேண்டும். விளம்பரத்தில் "10-51" அல்லது "10-52" என்று பார்த்தால், உங்களுடையது எச்ஜி என்றால், அங்கேயே தாண்டிப் போய்விடுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தப்பு ஒன்று: பழைய கேசட்டைக் கழற்றும்போது பின்னால் இருந்த ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிடுவது. அது கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஹப்பின் பகுதி போலவே தெரியும். கேசட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியேயும் வந்துவிடும். நகத்தால் நெண்டிப் பாருங்கள். வளையம் இருந்தால் எத்தனை என்று எண்ணி, பத்திரமாக எடுத்து வையுங்கள்.

4. எத்தனை ஸ்பீடு என்பதை ஷிஃப்டர்தான் சொல்லும்

ஷிஃப்டரை ஒருமுறை தட்டினால் அது கேபிளைக் குறிப்பிட்ட நீளம் இழுக்கும். டீரெய்லர் அதற்கேற்ற தூரம் நகரும். அந்தத் தூரம் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 8 ஸ்பீடில் அது 4.8 மி.மீ., 9-ல் சுமார் 4.35, 10-ல் சுமார் 3.95.

8 ஸ்பீடு ஷிஃப்டரை வைத்துக்கொண்டு 9 ஸ்பீடு கேசட் போட்டால் ஒரு தட்டுக்கு 0.45 மி.மீ. பிசகும். முதல் தட்டில் தெரியாது. நாலாவது தட்டில் பிசகு 1.8 மி.மீ. ஆகிவிடும், செயின் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் நின்று கரகரக்கும். இதை எந்த ஸ்க்ரூவைத் திருகியும் சரிசெய்ய முடியாது. ஒரு தம்பி இதே பிரச்சினைக்காக மூன்று மெக்கானிக்கிடம் போய் மூன்று முறை 'டியூனிங்' செய்துகொண்டு வந்தார். கேசட்டில் பல்சக்கரத்தை யாரும் எண்ணவில்லை.

ஆகவே ஷிஃப்டர் 8 என்றால் கேசட்டும் 8. "8-ஐ 9 ஆக்கலாமா?" என்றால் ஆக்கலாம், ஷிஃப்டர், கேசட், செயின் மூன்றும் மாற வேண்டும். ரோட் பைக்கில் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒன்றாகவே வருவதால் அந்தச் செலவுக்கு ஒரு கியர் கூடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏற்றத்துக்குத் தேவை பெரிய பல், அதாவது பின்னால் பல் அதிகமுள்ள பல்சக்கரம். அது 8 ஸ்பீடிலேயே கிடைக்கிறது.

பிராண்ட் கலக்கலாமா என்று எல்லாரும் பயந்து பயந்து கேட்பார்கள். 8, 9, 10 ஸ்பீடில் ஷிமானோ, ஸ்ராம், சன்ரேஸ் கேசட்டுகளைத் தாராளமாக மாற்றிப் போடலாம், பல்சக்கர இடைவெளி ஒன்றுதான். கம்பாக்னோலோ தனிக் குடும்பம். வரியும் வேறு, இடைவெளியும் வேறு. ஷிமானோவுக்குள்ளேயே கவனிக்க வேண்டியது க்யூஸ் வரிசை. அதற்கு லிங்க்கிளைடு கேசட். அது எச்ஜி ஹப்பில் உட்காரும், ஸ்பீடு எண்ணிக்கையும் 9, 10, 11 என்றுதான் இருக்கும், ஆனால் பழைய எச்ஜி ஷிஃப்டரோடு வேலை செய்யாது. உள்ளே போய்விட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

5. டீரெய்லர் எவ்வளவு தாங்கும்?

அதிகம் பேர் தாண்டிப்போகும் படி இது. தாண்டினால் அதிகச் செலவு வைப்பதும் இதுதான்.

டீரெய்லரின் உள்பக்கம், ஸ்போக்கைப் பார்த்த பக்கத்தில், மாடல் எண் பொறித்திருக்கும். ஷிமானோ என்றால் 'ஆர்டி' என்று தொடங்கும். அந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் தேடினால் இரண்டு விவரம் கிடைக்கும்: அதிகபட்சப் பெரிய பல் எத்தனை, மொத்தக் கொள்ளளவு எத்தனை.

பெரிய பல் வரம்பு எதற்கு? டீரெய்லரின் மேல் புல்லி, அதாவது செயின் ஓடும் குட்டிச் சக்கரம், பெரிய பல்சக்கரத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு நிற்க வேண்டும். பல்சக்கரம் பெரிதானால் அந்த இடம் போய்விடும், புல்லி அதில் உரசும்.

கொள்ளளவு எதற்கு? முன்னாலும் பின்னாலும் பெரியதில் செயின் இருக்கும்போது நீளம் முழுவதும் தேவைப்படும். இரண்டிலும் சின்னதில் இருக்கும்போது மிச்சச் செயினை டீரெய்லரின் கூண்டு (புல்லிகளைத் தாங்கும் கை) சுருட்டிப் பிடிக்க வேண்டும். கூண்டு நீளமாக இருந்தால் நிறையச் சுருட்டும். கணக்கு இதுதான்: முன் செயின்ரிங்குகளின் வித்தியாசம், அதோடு பின் பல்சக்கரங்களின் வித்தியாசம்.

உதாரணத்துக்கு 105 ஆர் 7000 வரிசையை எடுத்துக்கொள்வோம். முன்னால் 50/34, வித்தியாசம் 16. பின்னால் 11-30 போட்டால் 19. மொத்தம் 35. குட்டைக் கூண்டு உள்ள எஸ்எஸ் மாடலின் வரம்பு பெரிய பல் 30, கொள்ளளவு 35. அளவெடுத்துத் தைத்த மாதிரி சரியாக முடிகிறது. அதே சைக்கிளுக்கு 11-34 வேண்டும் என்றால் 16-ம் 23-ம் சேர்ந்து 39. எஸ்எஸ் தாங்காது. நீளக் கூண்டு உள்ள ஜிஎஸ் மாடலுக்குப் பெரிய பல் 34, கொள்ளளவு 39. அதில் போகும். இரண்டு டீரெய்லரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். "என்கிட்ட 105 இருக்கு" என்று சொன்னால் போதாது என்பது இதனால்தான்.

முன்னால் மூன்று செயின்ரிங் உள்ள ஹைப்ரிட்டில் கணக்கு வேறு மாதிரி வரும். 42/32/22 முன்னால், 11-34 பின்னால்: 20-ம் 23-ம் 43. ஆல்டஸ் எம் 310 டீரெய்லரின் கொள்ளளவு அதே 43, பெரிய பல் 34. ஆக அந்தச் சைக்கிளில் 34-க்கு மேல் ஆசைப்பட வழியில்லை. ஆனால் முன்னால் 22 இருக்கும்போது பின்னால் 34-க்கு மேல் எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 22-க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது.

வரம்புக்கு மேல் ஒன்றிரண்டு பல் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நானும் 28 வரம்புள்ள ஒரு டீரெய்லரில் 30 ஓட்டியிருக்கிறேன், டீரெய்லரைப் பல்சக்கரத்திலிருந்து தள்ளி நிறுத்தும் பி-ஸ்க்ரூவை உள்ளே முடுக்கி. ஓடியது. அதற்காக இன்னொருவர் சைக்கிளில் அப்படிச் செய்து கொடுக்க மாட்டேன். ஹேங்கரின் நீளம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஹேங்கர் எக்ஸ்டென்டர் என்று சின்னத் துண்டு விற்கிறார்கள், அது பெரிய பல்லுக்கு இடம் கொடுக்கும், கொள்ளளவைக் கூட்டாது. கியர் விழுவதும் கொஞ்சம் மந்தமாகும்.

கொள்ளளவு மீறினால் இரண்டில் ஒன்று நடக்கும். செயினை நீளமாக விட்டால் சின்னது-சின்னது கியரில் தொங்கும். அது சத்தம் மட்டும்தான். குட்டையாக வெட்டினால் பெரியது-பெரியது கியரில் விறைத்து நிற்கும், அந்த நிலையில் ஒரு மிதி மிதித்தால் டீரெய்லர் பிய்ந்து ஸ்போக்கில் போய் விழும். ஏற்றத்தில் களைத்துப்போய் லீவரைத் தட்டும்போது எந்த கியரில் இருக்கிறோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

6. இப்போது பல்லுக்கு வரலாம்

உங்களுக்கு எத்தனை பல் தேவை என்பதை ஊகிக்க வேண்டாம், எண்ணிவிடலாம். வழக்கமாகத் திணறும் ஏற்றத்தில், கடைசி கியரில், உட்கார்ந்து மிதித்துக்கொண்டு, வலது முழங்கால் 30 விநாடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். ஏற்றத்தில் 60 சுற்றுக்குக் குறைந்தால் முழங்கால் வலிக்கத் தொடங்கும் என்பது என் அனுபவம்.

25 தடவை வந்தது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 50. இப்போது இருக்கும் பெரிய பல் 28. அதே வேகத்தில் 60 சுற்று வர: 28-ஐ 60-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 33.6. ஆக 34. அதுவே 29 தடவை வந்திருந்தால், 58 சுற்று, 29 பல் போதும். அவருக்குத் தேவை புதுக் கேசட் இல்லை, இன்னும் இரண்டு மாதப் பயிற்சி.

700×25 டயரில் ஒரு சுற்று சுமார் 2.1 மீட்டர். முன்னால் 34, பின்னால் 28 போட்டு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.2 கி.மீ. பின்னால் 34 என்றால் 7.6 கி.மீ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம்தான் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தே ஏறுவதா என்று முடிவு செய்யும்.

பெரிய பல் கூடினால் நடுவில் இடைவெளியும் கூடும் என்பதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். 8 ஸ்பீடு 11-28-ல் பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 24, 28. ஒரு 11-34-ல் 11, 13, 15, 17, 20, 23, 26, 34. இரண்டாவதில் கடைசித் தாவல் 26-லிருந்து 34, கிட்டத்தட்ட 31 சதவீதம். ஈசிஆரில் எதிர்காற்றில் 17 கனமாக இருக்கும், 20 லேசாக இருக்கும், 19 இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். அதனால் கேசட் வாங்கும்போது "11-34" என்ற தலைப்பை மட்டும் பார்க்காமல் எல்லாப் பற்களின் வரிசையையும் கேட்டு வாங்குங்கள். 32-லேயே உங்கள் கணக்கு முடிகிறது என்றால், 24, 28, 32 என்று படிப்படியாக ஏறும் 11-32 இன்னும் சுகமானது.

சின்னப் பல்லுக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை. முன்னால் 50, பின்னால் 12 வைத்து 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 47 கி.மீ. வருகிறது. சமதளத்தில் அந்த வேகத்தில் போகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

7. செயினைப் பார்க்காமல் கேசட் மாட்டாதீர்கள்

தேய்ந்த செயின் நீண்டிருக்கும். அதைப் புதுக் கேசட்டில் போட்டால் புதுப் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். ஸ்கேலை எடுத்து, செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 அங்குலத்தில் பாருங்கள். புதுச் செயினில் அங்கே சரியாக இன்னொரு ஊசியின் நடு நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் 0.5 சதவீதம் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். 1/8 தள்ளி நின்றால் பழைய கேசட்டும் அதோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

6, 7, 8 ஸ்பீடுக்கு ஒரே செயின். 9, 10, 11, 12 ஒவ்வொன்றுக்கும் தனி, போகப்போக வெளி அகலம் குறையும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.

நீளம் பார்க்க: செயினை டீரெய்லர் வழியாக விடாமல் முன் பெரிய செயின்ரிங், பின் பெரிய பல்சக்கரம் இரண்டின் மேல் நேராகச் சுற்றுங்கள். முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும், கூட்டி வெட்டுங்கள். 28-லிருந்து 34-க்குப் போகிறவர்களுக்குப் பழைய நீளம் பெரும்பாலும் போதாது. பழைய செயினைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்குப் புதுசை வெட்டுவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தப்பு.

8. மாட்டுவது

கேசட்டுக்கு லாக்ரிங் டூல், செயின் விப், பெரிய ஸ்பேனர் வேண்டும். செயின் விப்பால் பல்சக்கரம் பின்னால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, லாக்ரிங்கை இடதுபக்கமாகத் திருக வேண்டும். முதல் அசைவில் 'கட கட' என்று பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள். லாக்ரிங்கின் அடியில் உள்ள வரிகள் விடுபடும் சத்தம் அது.

ஃப்ரீவீல் வேறு விதமான வேலை. நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியிருக்கிறது. ரிமூவரை வெட்டுகளில் உட்காரவைத்து, நழுவாமல் இருக்க அச்சு நட்டை அல்லது ஸ்க்யூவரை அதன் மேல் லேசாகப் பிடித்துவிடுங்கள். ரிமூவரை வைஸில் கடித்து, சக்கரத்தை லாரி ஸ்டியரிங் போல இரண்டு கையாலும் பிடித்து இடதுபக்கம் திருப்புங்கள். கால் சுற்று அசைந்ததும் நட்டைத் தளர்த்தாமல் தொடர்ந்தால் அச்சு மரை கெடும். புது ஃப்ரீவீலைப் போடும் முன் ஹப் மரையில் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். அடுத்த முறை கழற்றப்போவதும் நீங்கள்தான்.

புதுக் கேசட் ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே போகும், அந்த மாறுபட்ட வரியைப் பார்த்துச் சொருகுங்கள். ஃப்ரீஹப்பில் மெல்லிசாகக் கிரீஸ் போதும். 11 பல் கேசட்டுக்கும் 12 பல் கேசட்டுக்கும் லாக்ரிங் அளவு வேறு. பெட்டியில் வந்ததையே போடுங்கள். இறுக்கும் அளவு 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 13 கிலோ எடை தொங்கினால் வரும் அழுத்தம்.

இறுக்கியபின் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். கேசட் மொத்தமாக 'லொட லொட' என்று ஆடினால் ஸ்பேசர் விட்டுப்போயிருக்கிறது. இன்னும் இறுக்கிப் பிரயோஜனமில்லை, கழற்றி வளையம் போடுங்கள்.

9. ஓட்டிப் பார்க்கும் முன்

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் பெடல் சுற்றி, முதலில் பெரியது-பெரியது கியருக்குக் கொண்டுவாருங்கள். கூண்டு முன்பக்கம் நீண்டிருக்கலாம், ஆனால் விறைத்து நிற்கக் கூடாது. மேல் புல்லிக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே 5-6 மி.மீ. இடம் இருக்கும்படி பி-ஸ்க்ரூவை வையுங்கள். எல் ஸ்க்ரூவையும் சரிபாருங்கள்: பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக் பக்கம் செயின் போகாமல் பிடிப்பது அதுதான்.

பிறகு தெருவில் ஒரு சுற்று. எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி கொஞ்சம் கரகரத்தால் கேபிள் இழுவை, கேபிள் முனையில் உள்ள பேரல் அட்ஜஸ்டரில் கால் சுற்று திருகினால் தீரும். ஒரு முனையில் நன்றாகவும் மறுமுனையில் மோசமாகவும் இருந்தால் 4-ஆம் படிக்குத் திரும்பிப்போய் பல்சக்கரத்தை எண்ணுங்கள். கேசட்டும் புதிது, செயினும் புதிது, அழுத்தி மிதித்தால் மட்டும் 'டக்' என்று வழுக்குகிறது, அதுவும் முன்னால் ஒரு குறிப்பிட்ட செயின்ரிங்கில் மட்டும் என்றால், பின்னால் தேடாதீர்கள். அந்தச் செயின்ரிங்கின் பற்கள் சுறா மீன் துடுப்பு போல ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டியதுதான்.